வைத்தியச் செலவை யார் கொடுப்பது?

"தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று" என்று, விபத்திலே உயிர் தப்பியவரைப் பார்த்து ஊரார் ஆறுதல் கூறுவது வழக்கம். உயிரினும் பெரிய செல்வம் இல்லையாதலால் அந்த ஆறுதல் பொருத்தமானதே. ஆயினும் தலைப்பாகையின் விலையை யார் கொடுப்பது என்ற கேள்வி, சில நாட்களிலேயே அந்த வீட்டு வாசலில் வந்து நின்றுவிடுகின்றது. முறிந்த காலுக்குத் தகடு வைக்க வேண்டும். தனியார் நிலையத்திலே படம் பிடிக்க வேண்டும். கிழமைதோறும் வாடகை வண்டி பிடித்து வைத்தியசாலைக்குப் போய்வர வேண்டும். உழைப்பவரோ கட்டிலிற் கிடக்கின்றார். மனைவியின் காப்பு அடைவுகடைக்குப் போகின்றது. அடுத்த மாதம் தாலிக்கொடியும் போகின்றது. மூத்த மகனின் படிப்புக்கென்று ஒதுக்கி வைத்த பணமும் கரைகின்றது. ஒருவருடைய கவனக்குறைவு ஒரு நொடியில் விளைத்த தீங்கினை, மற்றொரு குடும்பம் பல ஆண்டுகளாகச் சுமக்கின்றது.

இவ்வாறான வீடுகளிலே இரண்டு வார்த்தைகளை நாம் அடிக்கடி கேட்கின்றோம். "ஏழரைச் சனி, என்ன செய்வது?" என்பது ஒன்று. "கோடும் வழக்கும் எங்களுக்கு எதற்குத் தம்பி?" என்பது மற்றொன்று. கிரகங்களைப் பற்றி நாம் இங்கே வாதஞ் செய்யப் போவதில்லை. ஆனால் பிறருடைய தவறினாற் காயமடைந்தவர், அக்காயத்தை ஆற்றுவதற்குச் செலவான பணத்தைத் தவறு செய்தவரிடமிருந்து கேட்டுப் பெறலாம் என்பது இன்று நேற்றுத் தோன்றிய நியாயமன்று. அந்த நியாயத்தின் வரலாற்றையும், நம் நாட்டிலே அது நடைபெறும் முறையையும் ஒவ்வொரு குடும்பமும் ஓரளவாவது அறிந்திருத்தல் நன்று.

நாலாயிரம் ஆண்டு நியாயம்

கி.மு. 18ஆம் நூற்றாண்டிலே பாபிலோனை ஆண்ட ஹம்முராபி என்னும் மன்னன் கல்லிலே பொறித்து வைத்த சட்டங்களுள் ஒன்று, சண்டையில் ஒருவனை வேண்டுமென்றன்றிக் காயப்படுத்தியவன், அவ்வாறு சத்தியஞ் செய்து, வைத்தியனுக்குரிய கூலியைக் கொடுக்க வேண்டும் என்று விதிக்கின்றது. பழைய ஏற்பாட்டின் யாத்திராகமமும், அடிபட்டவனுக்கு வேலை செய்ய இயலாது போன காலத்துக்கு ஈடு கொடுத்து, அவனைக் குணமாக்குவிக்கும் பொறுப்பை அடித்தவன்மேற் சுமத்துகின்றது. நம்மவர் நன்கறிந்த மனுதர்ம சாஸ்திரத்தின் 8ஆம் அத்தியாயத்திலும், பிறர் உறுப்புக்கு ஊறு செய்தவன் அவர் முன்போற் குணமடைவதற்காகும் செலவைக் கொடுக்க வேண்டும் என்ற விதி காணப்படுகின்றது. நாடும் மொழியும் சமயமும் வேறாயினும், மனித மனம் இவ்விஷயத்தில் ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றது.

உரோமர் இதனை இன்னும் நுணுக்கமாக ஆராய்ந்தனர். வீட்டு மாடியிலிருந்து எறியப்பட்ட பொருளால் வழிப்போக்கன் காயமடைந்தால் நீதிபதி எதைக் கணக்கிட வேண்டும் என்பது பற்றிக் காயுஸ் என்ற சட்ட அறிஞர் கூறியது, கி.பி. 533இல் யுஸ்தினியன் பேரரசன் வெளியிட்ட தொகுப்பிலே இடம்பெற்றுள்ளது. வைத்தியருக்குக் கொடுத்த கூலி, குணமாக்குவதற்கான ஏனைய செலவு, இழந்த உழைப்பு, இனி இழக்கப்போகும் உழைப்பு ஆகியவற்றைக் கணக்கிடலாம். ஆனால் தழும்புக்கும் உருக்குலைவுக்கும் விலை மதித்தலாகாது. ஏனெனில் சுதந்திர மனிதனின் உடலுக்கு விலையே இல்லை என்பது அவர் கருத்து. எவ்வளவு உயர்ந்த எண்ணம்! உடலுக்கு விலை கூற முடியாது; ஆனால் வைத்தியருடைய பற்றுச்சீட்டுக்குக் கூட்டுத்தொகை உண்டு. ஆதலினாற்றான் நட்டஈட்டுக் கோரிக்கைகளிலே வைத்தியச் செலவு என்றும் உறுதியான அத்திவாரமாக விளங்குகின்றது.

உரோமரின் சட்டம் ஒல்லாந்து தேசத்திலே புது வடிவம் பெற்றது. ஹியூகோ குரோஷியஸ் என்னும் பேரறிஞர், 1619 முதல் 1621 வரை லூவெஸ்டெய்ன் கோட்டையிற் சிறைப்பட்டிருந்த காலத்தில், தம் நாட்டுச் சட்டத்துக்கு ஒரு முன்னுரை நூல் எழுதினார். பின்னர் புத்தகப் பெட்டிக்குள் ஒளிந்து அச்சிறையிலிருந்து அவர் தப்பிய கதையை மாணவர்கள் படித்திருப்பர். 1631இல் வெளிவந்த அந்நூல், காயப்படுத்தியவன் இரணவைத்தியனின் கூலியையும், குணமாகும் காலத்திலும் அதன் பின்னரும் ஏற்பட்ட நட்டத்தையும் கொடுக்க வேண்டும் என்கின்றது. உடல் வேதனையும் உருக்குலைவும் பணத்தால் ஈடுசெய்யத் தக்கவை அல்லவெனினும், கேட்கப்பட்டால் அவற்றுக்கும் ஒரு தொகை மதிக்கலாம் என்று அவர் மேலும் ஒரு படி சென்றார்.

நம் நாட்டுச் சட்டம்

ஒல்லாந்தர் இந்நாட்டின் கரையோரங்களை ஆண்டபோது அவர்களுடைய உரோம ஒல்லாந்துச் சட்டமும் உடன் வந்தது. பின்னர் வந்த ஆங்கிலேயர் 1799ஆம் ஆண்டுப் பிரகடனத்தின் மூலம் அதனைத் தொடர்ந்து நிலவச் செய்தனர். யாழ்ப்பாணத் தமிழருக்குத் தேசவழமை இருக்கின்றதே என்று சிலர் கேட்கலாம். தேசவழமை பெரும்பாலும் சொத்தைப் பற்றியது. தெருவிலே ஒருவர் மற்றவருக்கு விளைத்த காயத்துக்கு ஈடு கேட்கும்போது, யாழ்ப்பாணத்தாரும் காலியாரும் கண்டியாரும் அந்த உரோம ஒல்லாந்துச் சட்டத்தின் கீழேயே நிற்கின்றனர்.

அச்சட்டப்படி, நட்டஈடு கேட்பவர் முக்கியமாக மூன்று விஷயங்களை நிரூபிக்க வேண்டும். மற்றவர் வேண்டுமென்றோ கவனக்குறைவாகவோ தவறு செய்தார் என்பது முதலாவது. அத்தவறினாலேயே காயம் ஏற்பட்டது என்பது இரண்டாவது. அக்காயத்தாற் பணநட்டம் இன்னதென்பது மூன்றாவது. குற்ற வழக்கிற்போல ஐயத்துக்கிடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. எது பெரிதும் நடந்திருக்கக் கூடியது என்று நீதிபதி நிறுத்துப் பார்ப்பார். சாரதி மற்றொருவரின் ஊழியராக அவருடைய வேலையிலே வண்டியைச் செலுத்தியிருந்தால், அந்த எசமானரும் பொறுப்பாளியாவார்.

இங்கே ஒரு மயக்கத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். பொலிசார் நீதவான் நீதிமன்றத்திலே சாரதிமேல் வழக்குத் தொடுத்து, அவர் தண்டப்பணம் செலுத்தியதும், "வழக்கு முடிந்தது" என்று பலர் வீடு திரும்பிவிடுகின்றனர். தண்டப்பணம் அரசாங்கத்துக்குச் சேர்வது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம், காயமடைந்தவருக்கும் ஓரளவு தொகை கொடுக்குமாறு பணிக்கும் அதிகாரத்தை நீதவானுக்கு அளிக்கின்றதெனினும், அது எல்லைக்குட்பட்டது. முழு நட்டத்தையும் கேட்கும் இடம் மாவட்ட நீதிமன்றமே.

எவை வைத்தியச் செலவு?

"அரசாங்க வைத்தியசாலையிலே இலவசமாகத்தானே பார்த்தார்கள், பின்னர் எந்தச் செலவைக் கேட்பது?" என்பது பொதுவாக எழும் கேள்வி. இலவச வைத்தியம் இந்நாட்டின் பெரும் பேறு என்பதில் ஐயமில்லை. ஆனால் விபத்துக்குட்பட்ட குடும்பத்தின் செலவு வைத்தியசாலைக் கட்டிலோடு முடிவதன்று. வைத்தியசாலையிற் கிடைக்காமல் வெளியே வாங்கிய மருந்து, எலும்புக்குப் பொருத்தும் தகடும் ஆணியும், தனியார் நிலையத்திற் செய்வித்த இரத்தப் பரிசோதனையும் படமும், விசேட வைத்தியரைக் காணக் கொடுத்த கட்டணம் ஆகியவை நேரடிச் செலவுகள். ஊன்றுகோல், சக்கர நாற்காலி, செயற்கை உறுப்பு ஆகியவையும் அவ்வாறே. சிகிச்சைக்காகப் போய்வந்த பிரயாணச் செலவும், நோயாளியைப் பார்த்துக்கொள்ளக் கூலிக்கு அமர்த்தியவருக்குக் கொடுத்த சம்பளமும் சிகிச்சையோடு ஒட்டியவையே. கொடுத்து முடித்தவை மாத்திரமன்றி, இன்னும் கொடுக்க வேண்டிய கடனாக நிற்கும் வைத்தியசாலைக் கணக்கும் கோரத்தக்கதே.

இவற்றினும் முக்கியமானது வருங்காலச் செலவு. இன்று வைத்த தகட்டை நாளை மற்றொரு சத்திரசிகிச்சை செய்து எடுக்க வேண்டியிருக்கலாம். உடற்பயிற்சிச் சிகிச்சை மாதக்கணக்கில் நீளலாம். பத்து வயதுப் பிள்ளை ஒரு காலை இழந்தால், உடல் வளர வளரச் செயற்கைக் காலை மாற்றிக்கொண்டே போக வேண்டும். வளர்ச்சி நின்ற பின்னரும் அது தேயும், உடையும். இச்செலவெல்லாம் இன்னும் ஏற்படவில்லை என்பதனால் அதனைக் கேட்க முடியாதென்பதில்லை. ஏற்படக்கூடியதென்று வைத்தியர் சாட்சி கூறினால் நீதிமன்றம் அதனையும் மதிப்பிடும்.

ஆனால் கோரிக்கைக்கு எல்லையும் உண்டு. செலவு நியாயமானதாக இருத்தல் வேண்டும்; விபத்தின் காயத்துக்கே உரியதாகவும் இருத்தல் வேண்டும். முன்னரே இருந்த நீரிழிவுக்கு வழக்கமாக வாங்கும் மாத்திரையின் விலையைச் சேர்த்துக் கேட்டால், அந்த ஒரு சிறு பொய் கணக்கு முழுவதிலும் ஐயத்தை உண்டாக்கிவிடும். அன்றியும், வைத்தியர் சொன்ன சிகிச்சையைக் காரணமின்றி மறுத்துக் காயத்தை முற்றவிட்டவர், அதனால் அதிகரித்த நட்டத்தை மற்றவர்மேற் சுமத்த முடியாது.

கடதாசியின் பெறுமதி

நீதிமன்றத்திலே கண்ணீருக்கு மதிப்பில்லை என்று நாம் கூறமாட்டோம். ஆனால் கண்ணீரைக் கூட்டிப் பார்க்க முடியாது. பற்றுச்சீட்டைக் கூட்டிப் பார்க்கலாம். எனவே விபத்து நடந்த நாளிலிருந்தே வீட்டில் ஒருவர், கல்லூரிப் பிள்ளையாயினும் சரி, ஒரு கோவையைத் தொடங்க வேண்டும். வண்டியின் இலக்கம், சாரதியின் பெயர், காப்புறுதிக் கம்பனியின் பெயர், கண்ணாற் கண்டவர்களின் விலாசங்கள் ஆகியவற்றை முதலில் எழுதுக. பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்து, அதன் பிரதியைப் பெறுக. வைத்தியசாலையிலிருந்து வெளியேறும்போது தரப்படும் நோய் விபரச் சீட்டு, கிளினிக் புத்தகம், சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை பற்றிய விபரம் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துக. பற்றுச்சீட்டு ஒவ்வொன்றையும் திகதி முறையில் ஒட்டி வைத்தல் நன்று. மருந்துக்கடைச் சீட்டின் எழுத்துச் சில மாதங்களில் மங்கிவிடுமாதலால், உடனே நிழற்படப் பிரதி எடுத்து வைப்பதும் புத்தி.

வாடகை வண்டிக்காரரும் பராமரிப்புக்கு வந்த அயலூர்ப் பெண்ணும் அச்சிட்ட சீட்டுத் தருவதில்லை. அவர்களிடம் திகதியும் தொகையும் எழுதிக் கையொப்பம் வாங்குவதில் வெட்கம் வேண்டியதில்லை. நம்மவரிற் பலர் முறிவு நெரிவு வைத்தியரை நாடுவதுண்டு. அவரிடமும் என்ன முறிவு, எத்தனை முறை கட்டு மாற்றப்பட்டது, எவ்வளவு கொடுக்கப்பட்டது என்பதை எழுதி வாங்குக. வைத்தியர் பதிவு பெற்றவராயின் அவருடைய எழுத்துக்குப் பலம் அதிகம். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தக் காயத்துக்காக இந்தச் சிகிச்சை அவசியமாயிற்று என்று வைத்தியர் கூறும் ஒரு வசனமே பற்றுச்சீட்டையும் விபத்தையும் இணைக்கும் கயிறு. அந்தக் கயிறு இல்லையேல் ஆயிரம் சீட்டுகளும் வெறுங் கடதாசியே.

காப்புறுதியும் காலக்கெடுவும்

வண்டியோட்டியவர் ஏழை, அவரிடம் வழக்காடி என்ன பயன் என்று தயங்குவோர் உளர். இதற்காகவே 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம், தெருவிலே ஓடும் மோட்டார் வாகனங்களுக்கு மூன்றாந் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியது. வாகனத்தாற் பிறருக்கு உயிரிழப்போ உடற்காயமோ நேர்ந்தால், நீதிமன்றம் தீர்க்கும் தொகையைக் காப்புறுதிக் கம்பனி செலுத்துவதற்கு அச்சட்டம் வழி செய்கின்றது. ஆனால் வழக்குத் தொடங்குவதற்கு முன்னரோ, தொடங்கி 7 நாட்களுக்குள்ளோ கம்பனிக்கு வழக்கைப் பற்றி அறிவித்தல் கொடுத்தல் வேண்டும். இச்சிறு கடமை தவறினால், வென்ற வழக்கும் வெறுங் கையோடு நிற்க நேரிடலாம்.

இதனினும் கடுமையானது காலக்கெடு. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, நட்டம், காயம், சேதம் ஆகியவற்றுக்கான வழக்கு, அதற்குரிய காரணம் ஏற்பட்டதிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் தொடங்கப்பட வேண்டும். நீதவான் நீதிமன்ற வழக்கு தவணை தவணையாகப் போகும். எதிர்ப்பக்கத்தார் "பேசித் தீர்ப்போம்" என்று நாட் கடத்துவர். காயமோ இன்னும் ஆறவில்லை. இவ்வாறு காத்திருக்கும்போதே அந்த 2 ஆண்டுகள் ஓசையின்றிக் கடந்துவிடும். பிறகு எவ்வளவு நியாயமான கோரிக்கையாயினும் நீதிமன்றக் கதவு திறப்பது அரிது. சிறு பிள்ளைகள் விஷயத்திற் சில விலக்குகள் உண்டெனினும், அவற்றை நம்பிக் காத்திருத்தல் அறிவுடைமையன்று. அன்றியும், பிள்ளைக்காகச் செலவழித்த பணம் பெற்றோரின் நட்டம். பெற்றோருக்கு அந்த விலக்கு உதவாது.

அரசாங்க ஊழியர் ஒருவர் கடமையின்போது விளைத்த காயத்துக்கு முற்காலத்தில் முடிக்குரியவர்மேல் இவ்வகை வழக்குத் தொடுக்க இயலாதிருந்தது. 1969ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் அத்தடையை நீக்கிற்று. ஆயினும் அரசுக்கெதிரான வழக்குக்கு ஒரு மாத முன்னறிவித்தல் தேவை. இதனையும் அந்த 2 ஆண்டுக் கணக்குக்குள் அடக்கிக்கொள்ள வேண்டும்.

தன் பங்கிலும் தவறிருந்தால்

"நானும் பாதையைச் சரியாகப் பார்க்கவில்லை, ஆகவே எனக்கு உரிமையில்லை" என்று மனச்சாட்சியுள்ள சிலர் ஒதுங்கிவிடுவர். முன்னாளிலே தன் பங்குத் தவறுடையவர் முழுவதையும் இழக்கும் நிலை இருந்தது. 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அந்தக் கடுமையைத் தணித்து, தவறின் விகிதப்படி தொகையைக் குறைக்கும் முறையைக் கொணர்ந்தது. கற்பனையாக ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். மொத்த நட்டம் 10 இலட்சம் ரூபா. காயமடைந்தவரின் தவறு நாலில் ஒரு பங்கென்று நீதிபதி காண்கின்றார். அவருக்குக் கிடைப்பது ஏழரை இலட்சம். உண்மையை உள்ளபடி கூறுவதனால் முழுவதும் போய்விடாது. பொய் கூறிப் பிடிபடுவதனாற் போகக்கூடியதே அதிகம்.

கையொப்பமிடுவதற்கு முன்

விபத்து நடந்து சில நாட்களில், பழங்களும் ஒரு கடித உறையுமாகச் சிலர் வைத்தியசாலைக்கு வருவதுண்டு. அவர்களுட் பலர் உண்மையான இரக்கத்தோடு வருபவர்கள். சமாதானமாகத் தீர்த்துக்கொள்வது நல்லதே. ஆனால் உறையோடு வரும் கடதாசியில் "இனி எவ்விதக் கோரிக்கையுமில்லை" என்ற வசனம் இருக்கின்றதா என்று பார்க்க வேண்டும். நோயாளி மயக்கந் தெளியாத நிலையிலும், வீட்டார் கைச்செலவுக்குத் தவிக்கும் நிலையிலும் இடும் கையொப்பம், அடுத்த ஆண்டுச் சத்திரசிகிச்சைக்கான உரிமையையும் சேர்த்து விற்றுவிடக்கூடும். ஒரு விபத்துக்கு ஒரு வழக்கு என்பதே விதி. முழுக் கோரிக்கையையும் அதிலேயே கேட்டாக வேண்டும். ஆகவே காயத்தின் முடிவு தெரியாத நிலையில் அவசர சமரசம் ஆபத்தானது. வெற்றுத்தாளில் ஒருபோதும் கையொப்பமிடலாகாது என்பதை நாம் மீண்டும் வற்புறுத்துகின்றோம்.

வேலைத்தலத்திற் காயமடைந்தோருக்கு 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வேறொரு வழியைத் தருகின்றது. அங்கே முதலாளியின் தவறை நிரூபிக்க வேண்டுவதில்லை. ஆனால் தொகை சட்டம் வகுத்த அளவின்படியே கிடைக்கும். ஒரே காயத்துக்கு இருவழியாலும் இருமுறை பெற முடியாதாதலால், எந்த வழி நன்மையானது என்பதை முதலிலேயே சட்டத்தரணியிடம் கேட்டறிதல் வேண்டும். வசதியற்றோருக்கு 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு இருக்கின்றது. அதன் உதவியை நாடுவது பிச்சையன்று; அது குடிமக்களுக்கென ஏற்பட்டது.

நட்டஈடு கேட்பது பிறர் துன்பத்திலே பணம் பண்ணுவதென்று எண்ணி அருவருப்போர் நம்மிடையே உளர். நட்டஈடு என்ற சொல்லே அதற்கு விடை கூறுகின்றது. நட்டத்துக்கு ஈடு, அதற்குமேல் இலாபமில்லை. அடைவிலிருந்த காப்பு திரும்பி வருவதும், நின்றுபோன படிப்பு தொடர்வதும், பிள்ளையின் செயற்கைக் கால் உரிய காலத்தில் மாற்றப்படுவதும் பேராசையாகா. மறுபுறம், வண்டி செலுத்தும் நம் இளைஞர்கள் மற்றொன்றையும் நினைத்தல் வேண்டும். சட்டம் வைத்தியரின் கூலியை வாங்கித் தரலாம். இழந்த காலை அது வாங்கித் தரமாட்டாது. கவனமாகச் செல்பவன் பிறர் வீட்டுத் தாலிக்கொடி அடைவு போகாமற் காக்கின்றான்.